லோடு ஏறினால் நிற்கும் பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். தினமும் எவ்வளவு நேரம் நடந்தேன், பிரஷர் எவ்வளவு, மாத்திரை போட்டேனா என்று குறித்துவைக்க வேண்டுமாம். டயர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அதில் இதுதான் முதல் எழுத்து.

பெயர் செங்கோட்டுவேல். வயது ஐம்பத்தொன்று. ஊர் நாமக்கல். சொந்தமாக ஒரு பன்னிரண்டு சக்கர லாரி. இருபத்தெட்டு வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். ஏப்ரல் பதினெட்டாம் தேதி நெஞ்சுவலி வந்தது. சேலத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதம் லாரியைத் தொடக் கூடாது. அதுவரை டிரைவர் சடையப்பன் ஓட்டுகிறான்.

நடை 15 நிமிடம். பிரஷர் 140/90. மாத்திரை போட்டாயிற்று.

ஜூன் 5, வியாழன்

நடை 15. பிரஷர் 138/88. உப்பில்லாத ரசம். வேறு செய்தி இல்லை.

ஜூன் 9, திங்கள்

நடை 20. பிரஷர் 136/88.

மகள் மிருதுளா காலேஜிலிருந்து வந்ததும் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து போனில் விளையாடுகிறாள். கூடப் படிக்கும் நான்கு பெண்களும் அவளும் ஒரு டீம். மற்ற நாலு பேரிடமும் கம்ப்யூட்டர் இருக்கிறது, இவளிடம் கண்ணாடி உடைந்த போன். இன்று, "செத்துட்டேன்டி, போன் கொதிக்குது, பிடிக்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனைத் தண்ணீர்ப் பானையின்மேல் வைத்தாள்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தால் விளையாடுகிற கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எடுத்தாள். அதற்கென்று வைத்திருந்த பணம்தான் இப்போது என் நெஞ்சுக்குள் கம்பியாக இருக்கிறது. ஒரு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் பரவாயில்லை என்றிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

நடை 20. பிரஷர் 134/86.

மிருதுளாவிடம், "நாமளே ஒரு கம்ப்யூட்டர் பண்ணலாமா சாமி?" என்று கேட்டேன்.

"கேமிங் கம்ப்யூட்டர் கடையில லட்சம் ரூபாங்கப்பா. இப்ப வேண்டாம் விடுங்க."

"லாரிய முழுசாவா வாங்கறோம்? சேசிஸ் வாங்கிட்டு வந்து நம்மூர்ல பாடி கட்டறதில்லியா? அப்படிக் கட்டலாம்."

நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பழைய டயர் விற்ற இருபத்திரண்டாயிரம் என்னிடம் இருக்கிறது. அதற்குள் முடிக்க வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மனைவி சம்பூரணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆஸ்பத்திரியில இருந்து வந்து ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள அப்பனும் மகளும் வெளையாட்டுப் பொட்டி கட்டறீங்களாக்கும்" என்றாள். கோபம்தான். ஆனால் ரெண்டு பேருக்கும் டீ வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பஸ்ஸில் சேலம் போனோம். நாலு ரோடு பக்கம் ஒரு மாடியில் பழைய கம்ப்யூட்டர் கடை. நடத்துவது ரெஜினா என்று ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும். நான் படியேறி மூச்சு வாங்கியதைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் நாற்காலி போட்டார்.

மிருதுளா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆபீஸில் ஓடிய பழைய பெட்டி ஒன்று வாங்குவது. அதில் கிராபிக்ஸ் கார்டு மாட்டுவது. படம் காட்டுகிற வேலை முழுக்க அந்தக் கார்டுக்குத்தான்.

"இது பேங்க்ல ஓடினது சார். ஏசியிலேயே வளந்தது" என்று ஒரு பெட்டியைக் காட்டினார்.

செகண்ட் ஹேண்ட் லாரி பார்க்கிற மாதிரி பார்த்தேன். திருகுகளில் ஸ்குரூடிரைவர் வழுக்கிய தழும்பு இருக்கிறதா என்று தடவினேன். உள்ளே மோந்து பார்த்தேன். "ஒரே ஓனரா?" என்றேன்.

ரெஜினா சிரித்துவிட்டார். "பேங்க் ஓனர் சார். டிரைவர்தான் பத்து பேர் மாறியிருப்பாங்க."

பெட்டி, பழைய கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்துப் பேசி எடுத்தோம். வரும்போது பஸ்ஸில் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். மிருதுளா, "வெயிட் தூக்கக் கூடாதுங்கப்பா" என்று அதைத் தன் மடிக்கு இழுத்தாள். ராசிபுரம் வரை இந்தச் சண்டைதான்.

நடை: படி ஏறியதைச் சேர்த்தால் ஒரு மணி நேரம்.

ஜூன் 16, திங்கள்

கார்டை மாட்டி சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றுமில்லை. பெட்டி மட்டும் மூன்று தடவை கத்துகிறது. கத்துகிற வண்டி பிழைத்துக்கொள்ளும், சத்தமே இல்லாத வண்டிதான் பயம். மிருதுளா போனில் தேடி, மூன்று தடவை கத்தினால் ரேம் சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடித்தாள். கழற்றி, அதன் பொன்னிற ஓரத்தைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பக் குத்தினோம். எரிந்தது!

"வந்துருச்சும்மா!" என்று கத்தினாள். சம்பூரணம் கரண்டியோடு ஓடி வந்தாள். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நாங்கள் இருவரும் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நடை 25. பிரஷர் 132/84.

பெட்டி ஓடுகிறது. ஆனால் விளையாட்டைத் திறந்து ஐந்தாவது நிமிடம் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. சும்மா எழுதினால், படித்தால் நாள் முழுக்க ஓடும். விளையாடினால் நின்றுவிடும்.

"லோடு ஏறினா நிக்குது. மேட்டுல டீசல் பத்தலைன்னா வண்டி இப்படித்தான் நிக்கும்" என்றேன்.

மிருதுளாவுக்குக் கண் விரிந்தது. "அப்பா, பவர் சப்ளை! கார்டு எச்சா கரண்டு கேக்குது, இது தர மாட்டேங்குது!"

ரெஜினாவுக்குப் போன் செய்தோம். அந்தப் பெட்டியின் மதர்போர்டுக்கு வெளியில் வாங்கும் சப்ளையின் பிளக் சேராதாம், நடுவில் மாட்டுகிற ஒயர் ஒன்று வேண்டுமாம். புது சப்ளையும் அந்த ஒயரும் பஸ்ஸில் போட்டு விடுவதாகச் சொன்னார். உள்ளே சிப்பின்மேல் சூட்டை இறக்குகிற பழைய பேஸ்ட் காய்ந்து செதிலாகக் கிடந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, சின்ன வெங்காயத் தோல் கனத்துக்குப் புதுசு தடவினேன். கிரீஸ் எச்சானால் அதுவும் கெடுதல்தான்.

ஜூன் 28, சனி

புது சப்ளையை மாட்டினோம். மூன்று மணி நேரம் ஓடியது. அணையவில்லை. மிருதுளா, "நாளைக்கு டீம்ல நானும் பெரிய மனுசி" என்றாள்.

மிச்சம் நானூற்று முப்பது ரூபாய்.

ஜூலை 6, ஞாயிறு

நடை 30. பிரஷர் 130/84.

பகலில் பெட்டி சும்மா இருக்கிறதே என்று, லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை மிருதுளா எனக்குப் போட்டுக் கொடுத்தாள். வெளிநாட்டு ரோடு. ஸ்டியரிங் இடது பக்கம். முதல் நாள் பழக்கதோஷத்தில் இடப்பக்கமே ஓட்டி, எதிரே வந்த நாலு காரை மோதி, ஓட்டுகிற கூலி முழுவதையும் அபராதமாகக் கட்டினேன்.

ரோடு மெழுகின மாதிரி இருக்கிறது. இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இல்லை. பின்னால் நின்று பார்த்த சம்பூரணம், "ஏனுங்க, ஒருத்தரும் ஹாரன் அடிக்கலியே, அந்த ஊர்ல எல்லாருக்கும் காது கேக்காதா?" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

ரெஜினா கடையில் ஒருவர் திருப்பிக் கொடுத்த விளையாட்டு ஸ்டியரிங் கிடந்ததாம், பிரேக் பெடல் வேலை செய்யாது. "சார் சரி பண்ணிக்குவீங்கன்னா எடுத்துக்கங்க" என்று ஒன்றுமில்லாத விலைக்குத் தந்தார். பெடலுக்குள் தூசிதான். கூடவே ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. லாரியின் பழைய சாமான் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். இப்போது பிரேக் நிஜ லாரியைவிட இறுக்கம்.

ஜூலை 22, செவ்வாய்

சேலத்தில் டிரெட்மில் டெஸ்ட். மிருதுளாவுக்குப் பரீட்சை, சம்பூரணத்துக்குக் கால்வலி, நான் மட்டும் போனேன். டாக்டர் ரொம்ப நேரம் பேசினார். நல்ல மனிதர்.

சம்பூரணத்திடம், இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று சொன்னேன்.

நடை இல்லை. டெஸ்டிலேயே நடந்தாயிற்று.

ஜூலை 23, புதன்

நடை 30. பிரஷர் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

விளையாட்டில் இதுவரை பதினோராயிரம் கிலோமீட்டர். சாமான் ஒன்றும் உடையவில்லை. ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதில் எனக்கு முழு மார்க் வருகிறது.

சடையப்பன் போன் செய்தான். "அண்ணா, எப்பண்ணா வண்டிக்கு வர்றீங்க? தனியா ஓட்டிச் சலிச்சுப்போச்சு." ரெஸ்ட் முடியட்டும் என்றேன்.

மிருதுளா ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நீங்க ஏன் சமதளமாவே லோடு எடுக்கறீங்க? மலைப்பக்கம் போனா கூலி டபுள்."

அவசரமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அடுத்த சீர்திருத்தம். சின்ன லோக்கல் வேலையாகப் பக்கத்துப் பட்டறையில் இரண்டு வாரம் கணக்கு எழுதிக் கொடுத்ததில் கிடைத்த சம்பளத்தில் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு ரேமும் வாங்கினோம். முன்பு பெட்டி எழுந்திருப்பதற்குள் நான் பல் தேய்த்துவிடுவேன். இப்போது பிரஷ்ஷில் பேஸ்ட் வைப்பதற்குள் எழுந்துவிடுகிறது. ரெஜினா பழைய கார்டை எடுத்துக்கொண்டு, மேலே கொஞ்சம் வாங்கிக்கொண்டு, பெரிய கார்டு தந்தார். மிருதுளா அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள்.

மாட்டியதும் அவளே மலைப்பாதை ஒன்றைத் திறந்தாள். "இத ஓட்டிப் பாருங்கப்பா. மழைத்தண்ணி ரோட்டுல மினுங்கறதைப் பாருங்க!"

மினுங்கியது. இறக்கம். வளைவு. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு ஈர ரோட்டில் இழுபட்டது. இரண்டாவது வளைவில் தண்ணீர் தாகம் எடுத்ததால் எழுந்துவிட்டேன்.

பெரிய கார்டு நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மிருதுளா காலேஜுக்குக் கிளம்பும்போது, "நேத்து உங்க சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருந்துச்சுங்கப்பா" என்றாள். மின்விசிறி ஓடவில்லை என்றேன். "ஓடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலேஜ்களுக்கிடையே போட்டி. வீட்டிலிருந்தே விளையாடலாம். ஐந்து பெண்களும் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். சம்பூரணம் கேசரி கிண்டினாள், எனக்கு ஒரு ஸ்பூன் மட்டும். நடுவில் பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. பெட்டி செத்துவிட்டது. பவர் சப்ளை.

வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. நான்கு பேரால் சமாளிக்க முடியாமல் டீம் தோற்றது. மிருதுளா அழவில்லை. போனில் தோழிகளிடம், "ஸாரிடி, எங்கப்பா கட்டின வண்டி, அடுத்த தடவ பாருங்க" என்றாள்.

சப்ளைக்கு வாரண்டி உண்டு. பில் வேண்டும். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நாளை தேட வேண்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

நான் நடந்துவிட்டு வருவதற்குள் சம்பூரணம் பில்லைத் தேடி எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி காகிதங்கள் இருக்கிற பிளாஸ்டிக் கவரில் இருந்திருக்கிறது. கூடவே ஜூலை இருபத்திரண்டாம் தேதி டாக்டர் எழுதிய சீட்டும். அதை மிருதுளாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சம்பூரணம் கேட்டாள்.

"லாரி ஓட்டலாம், பொழுதடைஞ்சு ஓட்டக் கூடாது, கூட ஒரு ஆள் இருக்கோணும்னு எழுதியிருக்குதாமா. எப்ப எழுதினதுங்க இது?"

கழற்றிய செருப்பைச் சுவரோரம் சேர்த்து வைத்தேன்.

"நாப்பது நாளாச்சு. எங்கிட்ட எதுக்குங்க மறைச்சீங்க?"

மிருதுளா பில்லோடு கிளம்பிவிட்டாள், ரெஜினாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. வேண்டுமென்றேதான் போனாள். நானும் சம்பூரணமும் செத்துப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் பதினெட்டு. மக்காச்சோள லோடு. தர்மபுரி தாண்டித் தொப்பூர் மலை இறக்கம், இரண்டாவது வளைவு. இடது கை மரத்தது. பிறகு நெஞ்சை யாரோ ஜாக்கி வைத்து ஏற்றுகிற மாதிரி. முன்னால் ஒரு மொபெட். புருசன் பெண்டாட்டி. அந்தப் பெண் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துத் தலைமேல் பிடித்துக்கொண்டிருந்தாள். என் காலுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு நொடியோ பத்து நொடியோ, இருபத்தைந்து டன் வண்டி அதுபாட்டுக்குப் போனது. அப்புறம் எப்படியோ கியரை இறக்கி ஓரம் தேய்த்து நிறுத்திவிட்டேன். ஒரு கை நீளம்தான் மிச்சம். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னமோ பேசிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

"ஆஸ்பத்திரியில எல்லாரும், வண்டிய ஓரங்கட்டி நிறுத்தின கெட்டிக்காரன்னாங்க. எனக்குத்தான் தெரியும்" என்றேன். "பயமா இருக்குது சம்பூரணம்."

அவள் முந்தானையால் கம்ப்யூட்டர் பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இல்லாத தூசியை.

"இந்த ஒரு வார்த்தைய சொல்றதுக்கு இந்தப் பொட்டி கருகோணுமாக்கும்" என்றாள். பிறகு, "ஓட்டவே வேண்டாம்னாலும் சொல்லுங்க, வித்துப்போட்டு வேற பொழப்பு பாக்கலாம். ஓட்டறதா இருந்தா நான் கூட வர்றேன். ரெண்டுல எதுன்னு உங்க வாயால சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நடை 30. பிரஷர் 128/82. இவ்வளவு குறைந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ரெஜினா மறுபேச்சில்லாமல் வேறு சப்ளை கொடுத்தார். கம்பெனி மட்டமாம், தான் விற்றிருக்கக் கூடாதாம். ஒரு படி மேலான சப்ளையையே தந்திருக்கிறார். கூடுதல் காசு வாங்க மறுத்துவிட்டாராம்.

மாட்டினோம். ஓடுகிறது. நானே மலைப்பாதையைத் திறந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மலை நாலு தடவை. மூன்று தடவை பள்ளத்தில்.

செப்டம்பர் 8, திங்கள்

மலை ஒன்பது தடவை. மிருதுளா பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே மழை, பனி எல்லாம் போட்டுவிடுகிறாள். "அப்பா, செகண்ட் கியர்ல இறக்குங்க! பிரேக்கையே மிதிச்சுட்டு இருக்காதீங்க!" இருபத்தெட்டு வருடம் ஓட்டியவனுக்குச் சொல்கிறாள். ஆனால் சரியாகத்தான் சொல்கிறாள்.

சம்பூரணமும் ஒரு தடவை ஓட்டினாள். கிளம்பிய இடத்திலேயே கடை ஒன்றுக்குள் விட்டுவிட்டு, "எனக்கு டிரைவர் பக்கத்து சீட்டே போதுஞ்சாமி" என்று எழுந்துவிட்டாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

சம்பூரணத்திடம் சொன்னேன். ஓட்டுகிறேன் என்று.

சடையப்பனுக்குப் போன். சந்தோசத்தில் கத்தினான். திங்கட்கிழமை கோழித்தீவன லோடு ஓசூருக்கு. விடிந்து கிளம்பினால் மதியம் இறக்கி, இரும்பு ஏற்றி, மறுநாள் பகலில் திரும்பலாம். அவனும் கூட வருகிறான்.

செப்டம்பர் 15, திங்கள்

ஓசூர். லோடு இறக்கியாயிற்று. இங்கே வரும்போது தொப்பூர் ஏற்றம்தான், தொந்தரவில்லை. சம்பூரணம் நடு சீட்டில் சோற்று டப்பா, மாத்திரை டப்பா, பிரஷர் மெஷின் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு கண் இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். தர்மபுரியில், "ரோட்டைப் பாரு புள்ள, என்னைப் பாத்தா வண்டி ஓடாது" என்றேன்.

மிருதுளா போன் செய்தாள். கம்ப்யூட்டரில் என் பெயரில் இருந்த கேமை எடுத்துவிட்டு இடம் பிடித்துக்கொண்டாளாம். "நீங்கதான் நெஜ வண்டிக்குப் போயிட்டீங்கல்லப்பா" என்றாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தொப்பூர் தாண்டி, ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். மணி பதினொன்று.

இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் சடையப்பன் ஜன்னல் பக்கத்திலிருந்து, "அண்ணா, நான் எடுக்கட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். செகண்டில் போட்டேன். பின்னால் இரும்பு உறுமுவது முதுகில் தெரிந்தது. முதல் வளைவு. உள்ளங்கை ஈரம். லுங்கியில் ஒவ்வொரு கையாகத் துடைத்துக்கொண்டேன். இரண்டாவது வளைவில் முன்னால் யாரும் இல்லை, வெறும் ரோடு, வெயில். வலது கால் பிரேக் இருக்கிற இடத்தில் தானாகப் போய் நின்றது. விட்டு விட்டு மிதித்தேன். கை மரக்கவில்லை. நெஞ்சு அடித்தது, ஆனால் அடிக்க வேண்டிய மாதிரிதான் அடித்தது.

கீழே இறங்கி ரோடு சமமானதும்தான் எனக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிற ஞாபகமே வந்தது. சம்பூரணம் என்ன ஆனாளோ, பயந்து கண்ணை மூடிக்கொண்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

மூடிக்கொண்டுதான் இருந்தாள். வாய் லேசாகத் திறந்து, தலை என் தோள் பக்கம் சாய்ந்து, நல்ல தூக்கம். பிரஷர் மெஷின் மடியிலிருந்து நழுவிக் காலடியில் கிடந்தது. சடையப்பன் சிரிப்பை அடக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான். ஆஸ்பத்திரி நாட்களிலிருந்து இந்த ஐந்து மாதமும், நான் புரண்டு படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறவள் அவள்.

டீக்கடையில் வண்டி நின்றதும் விழித்துக்கொண்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, பதறி, "ஏனுங்க, தொப்பூர் எப்பங்க வரும்?" என்றாள்.

"போயிருச்சு புள்ள" என்றேன்.